ஏரியில் தூண்டில் போட ஒரு ஆள் தூக்கிப்போகிற மாதிரி சின்னப் படகு: எதை வாங்கலாம்?

ஒற்றைத்தூண்டில் (கேள்வி)

வணக்கம். ஏரியிலும் அணைத் தேக்கத்திலும் தூண்டில் போட ஒரு சின்னப் படகு பார்க்கிறேன். என் நிலவரம்:

பெரும்பாலும் நான் ஒருத்தன்தான். மாசத்துக்கு ஒரு தடவை என்னோடு இன்னொரு ஆள் வருவார். என் எடை 78 கிலோ, அவர் 70 இருப்பார். சின்ன கார், ட்ரெய்லர் கிடையாது, ரூஃப் ரேக் வேண்டுமானால் போடலாம். வீடு இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை, படிக்கட்டில் இரண்டு திருப்பம். வண்டி நிற்கிற இடத்திலிருந்து தண்ணிக்கு 150 மீட்டர், அதில் கடைசி 30 மீட்டர் சரளைக்கல் சரிவு. காலையில் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும், மதியத்துக்கு மேல் காற்று எழும்பிவிடும்.

இப்போ நாலு விஷயம் மனசில் ஓடுது: ரொம்ப மலிவான வினைல் காற்றுப் படகு (பெட்டியில் "3 பேர்" என்று போட்டிருக்கு), 2.7 மீட்டர் பிவிசி காற்றுப் படகு, 10 அடி பிளாஸ்டிக் கயாக், மடக்குப் படகு. பின்னால் ஒரு சின்ன மின் மோட்டாரும் மாட்ட ஆசை. செலவு குறைவாக இருக்கணும், ஆனால் இரண்டு வருஷத்தில் குப்பைக்குப் போகிற பொருளும் வேண்டாம். எதை எடுக்கலாம்?

---

நீர்க்காகம்

உங்கள் கேள்வியில் பாதி பதிலை அந்தப் படிக்கட்டே சொல்லிவிட்டது. 3 மீட்டர் நீளமான எதுவும் இரண்டு திருப்பம் சுற்றி மேலே ஏறாது. மடக்குப் படகு மடக்கினால் தடிமன்தான் குறையும், 10 செ.மீ. அளவுக்கு வரும், நீளம் அப்படியே நிற்கும். எடையும் இருக்கை நீங்கலாகவே 30 கிலோவை ஒட்டி வரும். கீழே வைக்க இடம் உள்ளவர்களுக்கு நல்ல படகு, உங்களுக்கு இல்லை.

அடுத்து அந்த "3 பேர்". அது எடைக் கணக்கு, உட்காரும் கணக்கு இல்லை. காற்றுப் படகில் ட்யூபே பாதி இடத்தைத் தின்றுவிடும். 2.7 மீட்டர் படகுக்கு வெளி அகலம் ஒன்றரை மீட்டர் என்றால், இரு பக்கமும் 40 செ.மீ. ட்யூப் போக உள்ளே மிஞ்சுவது 70 செ.மீ. பெட்டியில் போட்ட எண்ணிக்கையில் ஒருவரைக் கழியுங்கள். இருவரும் தூண்டில் வீசுவதாக இருந்தால் இன்னொருவரையும் கழியுங்கள். கெட்டி உடல் படகுக்கு ஒரு கணக்கு உண்டு: நீளத்தையும் அகலத்தையும் அடியில் பெருக்கி 15ஆல் வகுக்க வேண்டும். 10 × 4 = 40, வகுத்தால் 2.67, அதாவது இரண்டு பேர். பின்னத்தை மேலே ஏற்றி மூன்று என்று வைத்துக்கொள்ளக் கூடாது.

வினைல், பிவிசி என்று இரண்டு பெயர் இருந்தாலும் வேதிப்பொருள் ஒன்றுதான், பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வி "உள்ளே துணி இருக்கிறதா?" என்பதுதான். வினைல் படகு வெறும் ஷீட். அதில் அழுத்தம் 1 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்ட்) அளவைத் தாண்டாது, தாண்டினால் ஒட்டு வாயில் பலூன் போலப் புடைக்கும். அழுத்தம் இல்லாத படகு தொளதொளவென்று நடுவில் மடங்கும், துடுப்புப் போடுகிற பலமெல்லாம் அந்த மடங்கலிலேயே வீணாகும். பிவிசி படகு என்று சரியாகச் சொல்லப்படுவதில் பாலியெஸ்டர் துணிக்கு இருபுறமும் பூச்சு இருக்கும். 0.9 மி.மீ. தடிமன், 1000 அல்லது 1100 டெனியர் (துணி நூலின் பருமன் அளவு) என்று போட்டிருந்தால் சரி. இதில் ட்யூபுக்கு 3.6 பிஎஸ்ஐ (0.25 பார்) வரை அடைக்கலாம். விரலால் சுண்டினால் மேளம் மாதிரி சத்தம் வரும். தூண்டில் முள் வினைலில் சுலபமாக இறங்கும். துணி வைத்த பிவிசியில் முள் படகை ஓட்டையாக்குவது அபூர்வம். அதைக் கிழிப்பது கரைச் சரளையும், முள்செடியும், காலடியில் திறந்து கிடக்கும் கத்தியும்தான். கெளுத்தி பிடிப்பவராக இருந்தால் தரையில் ஒரு தடித்த ரப்பர் விரிப்புப் போட்டுவிடுங்கள்.

தரை மூன்று வகை. பலகைச் சட்டம் கோத்த சுருட்டுத் தரை மலிவு, ஆனால் சட்டங்களுக்கு நடுவில் கால் புதையும், எழுந்து நிற்க முடியாது. முழுப் பலகை அல்லது அலுமினியத் தரை கெட்டி. படகோடு சேர்த்து 35 முதல் 40 கிலோ ஆகும், ஒவ்வொரு முறையும் கோக்க இருபது நிமிடம், கூடவே விரல் நசுங்கும். மூன்றாவது காற்றுத் தரை. மேல் துணிக்கும் கீழ்த் துணிக்கும் நடுவில் ஆயிரக்கணக்கான நூல் இழுத்துக் கட்டியிருப்பதால் பலகை மாதிரி தட்டையாக நிற்கும். 8 முதல் 10 பிஎஸ்ஐ அடைக்க வேண்டும். மொத்த எடை 25-30 கிலோ, ஒரே பையில் அடங்கும். உங்கள் மாடிக்கு இதுதான்.

150 மீட்டருக்கு வழி இது: வண்டி பக்கத்தில் காற்றடைக்காதீர்கள். படகுப் பை ஒரு நடை, சாமான் ஒரு நடை. தண்ணி ஓரத்தில் தார்ப்பாய் விரித்து அதன்மேல் வைத்து அடையுங்கள். திரும்பும்போதும் தார்ப்பாய்மேலேயே காற்றை இறக்குங்கள். சரளையில் இழுக்கவே இழுக்காதீர்கள், ஒரு தடவைகூட.

---

எதிர்காற்று

நீர்க்காகம் சொன்னதில் பொருள் விவரம் எல்லாம் சரி. ஆனா காற்றை விட்டுட்டார்.

கேட்டவர் பெரும்பாலும் தனியாப் போறவர், மதியம் காற்று வர்ற ஏரி. 2.7 மீட்டர் ரப்பர் படகில் ஒரே ஆள் உட்கார்ந்தா அது தண்ணிக்கு மேல உட்கார்ந்த பலூன்தான். தண்ணிக்குள்ள இறங்கின பாகம் குறைவு, காற்றுக்குக் காட்டுற பக்கம் அதிகம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானா அது தள்ளுற விசை நாலு மடங்கு. மணிக்கு 10 கிலோமீட்டர் காற்றில் சுகமா துடுப்புப் போடுற படகு, 20-இல் இருக்கிற இடத்திலேயே நிக்கும், 25-இல் பின்னால போகும். படகோட தர்ற துடுப்பு வேற குட்டை. இரண்டு துடுப்புக் கொண்டிக்கும் நடுவில் 1.2 மீட்டர் இருந்தா துடுப்பு 2.3 மீட்டர் நீளம் வேணும். பெட்டியில் வர்றது பெரும்பாலும் ஒன்றரை மீட்டர் தாண்டாது. தண்ணியைத் தடவும், தள்ளாது.

தனி ஆளுக்கு கயாக்தான். பிளாஸ்டிக் கயாக் மாடி ஏறாது, ஒத்துக்கிறேன். ஆனா காற்றடைக்கிற கயாக் இருக்கே. தரை மட்டும் உயர் அழுத்தமா (அந்த நூல் இழுத்த வகை), பக்கம் சாதாரண ட்யூபா இருக்கிறதை எடுங்க. 15-18 கிலோ. முதுகில் மாட்டிட்டு ஒரே நடையில் போயிடலாம். பின்னால கீழே ஒரு துடுப்பு மாதிரி வால் (ஸ்கெக்) கட்டாயம் இருக்கணும், இல்லேன்னா ஒவ்வொரு போடுக்கும் மூக்கு இடமும் வலமும் ஆடும். அகலம் 85-90 செ.மீ., இருக்கை உயரமா இருந்தா துடுப்பு 240 செ.மீ.க்குக் குறையாம பாருங்க. 220 வாங்கினா முட்டியில் தண்ணி வடியும், பக்கச் சுவர்ல இடிக்கும்.

கீழே வைக்க இடம் இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை: பிளாஸ்டிக் கயாக்ல மேல உட்கார்ற வகையை எடுங்க. வடிகால் ஓட்டை இருக்கும், கவிழ்ந்தாலும் திருப்பிப் போட்டு ஏறலாம். உள்ளே உட்கார்ற வகை கவிழ்ந்தா தொட்டி மாதிரி ரொம்பும், நடு ஏரியில் தனி ஆளால காலி பண்ண முடியாது. கார் மேல ஏத்தறதுக்கு முழுசா தூக்க வேண்டாம், மூக்கை முதல்ல பின் ரேக்ல சாய்ச்சு, வாலைத் தூக்கித் தள்ளுங்க. ஒரு நேரத்தில் பாதி எடைதான் கையில் வரும். பட்டையை ராட்செட்டால முறுக்காதீங்க, வெயில்ல இளகின பிளாஸ்டிக் அப்படியே குழிஞ்சிடும்.

---

ஒற்றைத்தூண்டில்

இரண்டு பேருக்கும் நன்றி. வினைல் ஆசை போயிடுச்சு. இரண்டாவது ஆளையும் ஏத்தணும் என்பதால் 2.7 மீட்டர், காற்றுத் தரை பக்கம்தான் மனசு சாயுது. எதிர்காற்று சொன்ன காற்றுப் பிரச்சினைக்கு மோட்டார் போதுமா? கடையில் 30 பவுண்ட், 55 பவுண்ட் இரண்டும் இருக்கு. 55 எடுத்தா வேகமாப் போகுமா? காரில் இருந்து கழட்டின பழைய பேட்டரி ஒண்ணு வீட்டில் இருக்கு, அதை வைக்கலாமா?

---

பன்னிரண்டு வோல்ட்

வேகமாகப் போகாது. மின் மோட்டாரின் இறக்கை சுழலும் வேகம் கிட்டத்தட்ட ஒன்றுதான். 30ஆக இருந்தாலும் 55ஆக இருந்தாலும் சின்னப் படகு மணிக்கு 5 கிலோமீட்டர் பக்கம்தான் போகும். பவுண்ட் என்பது தள்ளு விசை. காற்றிலும் பாரத்திலும் அந்த வேகத்தை விடாமல் பிடிக்க அது உதவும்.

கணக்கு: மொத்த எடையில் ஒவ்வொரு 100 பவுண்டுக்கும் (45 கிலோ) குறைந்தது 2 பவுண்ட் விசை. உங்கள் இருவர் 148 கிலோ, படகு 30, மோட்டார், பேட்டரி, நங்கூரம், தூண்டில் பெட்டி, குடிதண்ணீர் எல்லாம் சேர்த்து ஒரு 37 என்று வையுங்கள். 215 கிலோ, அதாவது 474 பவுண்ட். தேவை 10 பவுண்ட்கூட இல்லை. காற்றுக்காக மூன்று மடங்காக்கினாலும் 30 போதும்.

55 எடுத்தால் பேட்டரிதான் அழும். 30 பவுண்ட் மோட்டார் முழு வேகத்தில் சுமார் 30 ஆம்பியர் இழுக்கும், 55 பவுண்ட் 50 ஆம்பியர். 50 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியில் பாதிக்குமேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும், ஆக கையில் இருப்பது 25. அந்த 50 என்ற எண்ணும் 20 மணிநேரம் மெதுவாக இழுத்து எடுத்த கணக்கு. 30 ஆம்பியரில் இழுத்தால் அதைவிடக் குறையும். முழு வேகத்தில் முக்கால் மணிகூடச் சந்தேகம், 10 ஆம்பியரில் மெதுவாகப் போனால் இரண்டு மணிக்கு மேல் வரும். எடை 15 கிலோ பக்கம். அதே 50 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 6 கிலோ, கிட்டத்தட்ட முழுவதையும் எடுக்கலாம். வாங்கும்போது கூடும் விலையை நீங்கள் ஏறுகிற மாடிப்படியால் வகுத்துப் பாருங்கள்.

லித்தியத்தில் ஒரு பொறி உண்டு: உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சர்க்யூட் தொடர்ந்து எத்தனை ஆம்பியர் விடும் என்று பாருங்கள். 50 ஆம்பியர் வரம்புள்ள பேட்டரியில் 55 பவுண்ட் மோட்டாரை மாட்டினால், காற்றுக்கு எதிரே முழு வேகம் வைக்கும்போதுதான் அது துண்டித்துக்கொள்ளும்.

கார் பேட்டரி வேண்டாம். அது ஸ்டார்ட்டருக்குச் சில விநாடி நிறைய மின்சாரம் கொடுக்க மெல்லிய தகடுகளால் செய்தது. திரும்பத் திரும்ப ஆழமாக வடித்தால் சீக்கிரமே தகடு உதிர்ந்துவிடும். டீப் சைக்கிள் என்று எழுதியதைக் கேளுங்கள்.

மாட்டும் முறை. நேர்முனைக் கம்பியில் பேட்டரி முனையிலிருந்து 18 செ.மீ.க்குள் ஒரு பிரேக்கர். 30 பவுண்ட் மோட்டாருக்கு 50 ஆம்பியர். அது இல்லாமல் கம்பி உரசிக் குறுக்குச்சுற்று ஆனால் உங்கள் படகு பிளாஸ்டிக் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியை மூடி போட்ட பெட்டியில் வைத்து, பெட்டியைப் படகின் வளையத்தில் கட்டுங்கள்.

நீங்களும் பின்னால், மோட்டாரும் பின்னால், பேட்டரியும் பின்னால் என்று வைத்தால் மூக்கு வானம் பார்க்கும், காற்று அதைப் பிடித்துச் சுற்றும். தனியாகப் போகும்போது பேட்டரி அணியத்தில் (படகின் முன்பக்கத்தில்) இருக்க வேண்டும். அதற்குக் கம்பியை நீட்டினால் தடிமனையும் கூட்டுங்கள், 10 சதுர மி.மீ.க்குக் குறையக் கூடாது. இல்லாவிட்டால் கம்பி சூடாகும், மோட்டார் சோர்ந்துபோகும். இறக்கையின் மேல்நுனி தண்ணிக்குள் ஒரு சாண் ஆழத்திலாவது இருக்கட்டும், காற்றில் படகு துள்ளினால் இன்னும் இறக்குங்கள். ஒவ்வொரு முறை கரையேறியதும் இறக்கையைக் கழற்றி அதன் பின்னால் பாருங்கள். நைலான் நரம்பு அங்கே சுற்றிக்கொண்டால் தண்ணி புகாமல் அடைக்கும் சீல் வளையத்தை அறுத்துவிடும், தண்ணி மோட்டாருக்குள் போகும். இறக்கையைப் பிடிக்கும் ஊசி (ஷியர் பின்) இரண்டு, அதற்குரிய நட்டு ஒன்று, சின்ன ஸ்பானர் ஒன்று எப்போதும் படகில்.

துடுப்பை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். மோட்டார் மாட்டினால் பதிவு வேண்டும் என்ற விதி பல இடங்களில் உண்டு, சில ஏரிகளில் படகுக்கே தடை. ஏரி யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர்களிடம் வாங்கும் முன்பே கேளுங்கள்.

---

எதிர்காற்று

பேட்டரி கணக்குக்கு ஒரு கும்பிடு. ஆனா ஒண்ணு: பாதி மின்சாரத்தைத் திரும்பி வர்றதுக்கு வைக்கணும்னு சொல்வாங்க, மதியம் காற்று எழும்புற ஏரியில் மூணில் இரண்டு பங்கு வைங்க. காலையில் காற்று எந்தப் பக்கமிருந்து வரப்போகுதோ அந்தப் பக்கமே முதல்ல போயிடுங்க. திரும்பும்போது அது உங்களைத் தள்ளிட்டு வரட்டும்.

நங்கூரம் யாரும் சொல்லலை. இந்த அளவுப் படகுக்கு ஒன்றரை முதல் இரண்டு கிலோ மடக்கு நங்கூரம் போதும். கயிறுதான் முக்கியம். 4 மீட்டர் ஆழத்துக்கு 4 மீட்டர் கயிறு விட்டா நங்கூரம் செங்குத்தா தூக்கிக்கும், சேத்தில் உழுதுட்டே வரும். ஆழத்தைப் போல ஐந்து மடங்கு விடுங்க, காற்று கூடினா ஏழு. நங்கூரத்துக்கும் கயிறுக்கும் நடுவில் ஒரு மீட்டர் சங்கிலி போட்டா இழுப்பு படுக்கையா வரும். அணியத்தில் கட்டுங்க, பக்கவாட்டுல கட்டவே கூடாது, அலை பக்கத்தில் அடிச்சா அந்தக் கயிறே படகைக் கவிழ்க்கும்.

லைஃப் ஜாக்கெட் போட்டுக்கணும். படகில் வெச்சிருந்தா பத்தாது, தண்ணியில் விழுந்தப்புறம் அதை மாட்ட முடியாது. விழுந்தா பின்பக்கம் வழியா ஏறுங்க, மோட்டாரை அணைச்சிட்டு. பக்கத்தில் தொங்கினா படகு உங்க மேலேயே வரும். ஒருநாள் இடுப்பளவு தண்ணியில் இதைப் பழகிப் பாருங்க. ட்யூப் வழுவழுன்னு இருக்கும், ஒரு கயிற்றுப் படி தொங்கவிட்டாத்தான் ஏற முடியும்.

---

ரிவெட்

கேட்டவருக்கு ஒத்துவராது, இந்த இழையைப் பின்னால் படிக்க வருபவர்களுக்காக. வாசலில் இடமும் தூக்க இரண்டாவது ஆளும் இருந்தால், கொடுத்த காசுக்கு மிக அதிகமாக உழைப்பது பயன்படுத்திய அலுமினிய ஜான் படகுதான். 10 அடி, தட்டை அடி, 45 முதல் 60 கிலோ. அடி அகலம் 32 அங்குலம் உள்ளது நின்றால் ஆடும், 36 பாருங்கள். கார் கூரையில் வைப்பதாக இருந்தால் கூரை எவ்வளவு தாங்கும் என்று வண்டிப் புத்தகத்தில் பார்த்து, அதில் ரேக்கின் எடையையும் கழியுங்கள்.

பார்க்கப் போகும்போது ஒரு வாளி எடுத்துக்கொள்ளுங்கள். படகைக் கட்டைமேல் வைத்து உள்ளே நாலு விரல் தண்ணி ஊற்றி, அடியில் படுத்துப் பாருங்கள். எந்த ரிவெட் ஒழுகுகிறதோ அங்கே சொட்டும், சாக்பீஸால் குறியுங்கள். ஐந்தாறு சொட்டினால் சரிசெய்துகொள்ளலாம், வரிசையாகச் சொட்டினால் விட்டுவிடுங்கள். மோட்டார் மாட்டும் பின்பலகையைச் சுத்தியலால் லேசாகத் தட்டுங்கள்: 'டங்' என்றால் நல்லது, 'டொப்' என்றால் உள்ளே மரம் இற்றுவிட்டது. இருக்கைக்குக் கீழே மிதவை நுரை இருக்க வேண்டும். அது தண்ணி குடித்திருந்தால் படகு சொன்ன எடையைவிட வெகுவாகக் கனக்கும்.

---

நீர்க்காகம்

காற்றின் வலிமையை எதிர்காற்று சொன்னது நியாயம், அதை விட்டது என் தவறு.

படகு வந்ததும் செய்ய வேண்டியது. காற்றடைக்கும் வரிசை பலருக்கும் தெரிவதில்லை. ட்யூபில் தனித்தனியாகத் தடுத்திருக்கும் காற்று அறைகளில் ஒன்றை முழுக்க அடைத்துவிட்டு அடுத்ததற்குப் போனால், நடுவில் இருக்கும் தடுப்புத் துணி ஒரே பக்கம் இழுபட்டு ஒட்டு விடும். எல்லா அறைக்கும் முதலில் பாதி அடையுங்கள். காற்றுத் தரையை உள்ளே விரித்துச் சரியாக உட்கார வையுங்கள். பிறகு ட்யூபுகளை ஒவ்வொன்றாக நிரப்பி, தரையைக் கடைசியில் 8 பிஎஸ்ஐக்கு ஏற்றுங்கள். கால் பம்ப் அந்த அழுத்தத்துக்கு ஏறாது, அளவு காட்டும் இரட்டைச் செயல் கைப்பம்ப் (இழுக்கும்போதும் அமுக்கும்போதும் காற்றடிப்பது) வேண்டும். கடைசி இரண்டு பிஎஸ்ஐ வியர்க்க வைக்கும்.

வெயிலில் கவனம். காலை 25 டிகிரியில் 3.6 பிஎஸ்ஐ அடைத்துவிட்டுக் கரையில் போட்டு, ட்யூப் 45 டிகிரிக்குச் சூடானால் உள்ளே 4.8 ஆகிவிடும். ஓய்வெடுக்கக் கரையேறினால் கொஞ்சம் காற்று விடுங்கள், அல்லது தண்ணியிலேயே கட்டிப் போடுங்கள்.

ஓட்டை விழுந்தால்: துணி வைத்த பிவிசிக்கு இரண்டு பாக பாலியுரேத்தேன் பசை. சைக்கிள் பஞ்சர் சொல்யூஷன் பிடிக்காது. ஒட்டுத்துண்டு ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 செ.மீ. தாண்ட வேண்டும், மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், கூர்மூலை முதலில் பெயரும். இரண்டு முகத்தையும் லேசாக உப்புத்தாளால் தேய்த்து அசிட்டோனால் துடையுங்கள். மெல்லிய பூச்சு ஒன்று, பத்து நிமிடம் கழித்து இன்னொன்று, ஒட்டும் பதம் வந்ததும் ஒட்டி நடுவிலிருந்து ஓரத்துக்குக் கரண்டியின் முதுகால் அழுத்தித் தேயுங்கள். 24 மணிநேரம் காற்றடைக்காதீர்கள். ஈரமான நாளில் செய்தால் இரண்டு வாரத்தில் உரிந்து வரும்.

ஈரத்தோடு மடிக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். ட்யூபும் தரையும் சேரும் இடுக்கில் துணி விட்டுத் துடையுங்கள், மணலும் பாசியும் அங்கேதான் தங்கும். வேறு ஏரிக்குப் போவதாக இருந்தால் பாசித்துண்டு ஒன்றுகூட ஒட்டியிருக்கக் கூடாது. மூட்டை கட்டி வைக்கும் இடத்தில் எலி இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

---

ஒற்றைத்தூண்டில்

2.7 மீட்டர், 0.9 மி.மீ., காற்றுத் தரை எடுத்துட்டேன். மோட்டார் அடுத்த மாசம், 30 பவுண்ட். வந்ததும் வீட்டில் வெச்சு சோதனை: சாயங்காலம் மூணு அறையிலும் 3.6 அடைச்சேன், அப்போ வீட்டுக்குள்ள 32 டிகிரி. காலையில் 24 டிகிரி. இரண்டு அறையில் 3.1, இடது அறையில் மட்டும் 2.2. மூணுமே கசியுதா? திருப்பிக் கொடுக்கணுமா?

---

நீர்க்காகம்

3.1 காட்டும் இரண்டும் கசியவில்லை. 8 டிகிரி குளிர்ந்தால் 3.6 என்பது 3.1ஆகத்தான் இறங்கும். மறுபடி வீட்டுக்குள் 32 டிகிரி ஆகும்போது அளந்து பாருங்கள், 3.6க்கே வந்து நிற்கும்.

இடது அறை கசிகிறது. முதலில் வால்வு. மூடியைத் திறந்து, நடு ஊசியை அமுக்கித் திருப்பினால் அது மேலே எழும்பி நிற்க வேண்டும். கீழேயே நின்றால் வால்வு திறந்தபடி இருக்கிறது என்று அர்த்தம். எழும்பித்தான் நிற்கிறது என்றால் பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணியில் நுரைத்து வால்வுமேல் விடுங்கள். ஊசி ஓரம் குமிழி வந்தால் உள்ளே தூசி, காற்றை இரண்டு தடவை வேகமாக விட்டால் போய்விடும். வால்வின் வெளி வட்டத்தைச் சுற்றி வந்தால் படகோடு வந்த வால்வுச் சாவியால் கால் சுற்று இறுக்குங்கள், புதுப் படகில் இது சகஜம். அங்கே இல்லை என்றால் ஒட்டு வாய் முழுக்க நுரை தடவுங்கள்.

எங்கேயும் குமிழி வராவிட்டால் எல்லா அறையையும் காலி செய்துவிட்டு இடது அறையை மட்டும் பாதி அளவுக்கு அடைத்து ஒரு மணிநேரம் விடுங்கள். பக்கத்து அறை மெதுவாக உப்பினால் நடுத் தடுப்பில் ஓட்டை. அதை வெளியிலிருந்து ஒட்ட முடியாது, அப்போது மட்டும் திருப்பிக் கொடுங்கள்.